முந்நூற்றுப் பதினெட்டாம் படம்

விலைப்பட்டியலை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பசிக்கிறவன் தனக்கு வேண்டியதைத்தான் தட்டில் தேடுவான். அறுவை மருத்துவரும் அப்படித்தான். குறடு வேண்டுமென்றால் குறடு இருக்கும் பக்கத்தைப் புரட்டுவார், எண்ணைக் குறித்துக்கொள்வார், மூடிவிடுவார். அந்தக் குறட்டை நான் எத்தனை நாள் உட்கார்ந்து வரைந்தேன், அதன் பல்வரிசையில் ஒளி எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதெல்லாம் அவருக்கு எதற்கு?

என் பெயர் ஆம்ப்ரோஸ் டக்வெல். விக்மோர் தெருவில் மருத்துவக் கருவிகள் செய்யும் பெட்டிஃபர் அண்ட் ஸ்வேல் நிறுவனத்தில் இருபத்திரண்டு வருஷமாக விலைப்பட்டியலைத் தொகுப்பதும் அதற்குப் படம் வரைவதும் என் வேலை. நான் தாளில் வரைவேன். ஹெஸ்கெத் என்ற கிழவர் அதைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்குவார். அந்தக் கட்டையிலிருந்து அச்சாகும். ஹெஸ்கெத்தைத் தயவுசெய்து தொந்தரவு செய்ய வேண்டாம், இன்ஸ்பெக்டர். அவர் கோடுகளைத்தான் பார்ப்பார். அது கருவியா கத்தரிக்காயா என்று கேட்டால் விழிப்பார்.

எங்கள் பட்டியல் வெறும் கடைச்சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நாட்டில் அறுவை மருத்துவம் பற்றிப் புத்தகம் எழுதுகிற பெரிய மனிதர்கள் எவரும் சொந்தமாகப் படம் போடுவதில்லை. எங்களுக்கு ஒரு கடிதம் போடுவார்கள்: இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை கட்டைகளை அனுப்பவும். அனுப்புவோம். புத்தகத்தில் அவர் பெயர் தங்க எழுத்தில் இருக்கும். படம் என்னுடையது. இரண்டு தலைமுறை மருத்துவர்கள் என் கோட்டைப் பார்த்துத்தான் கத்தி பிடிக்கக் கற்றிருக்கிறார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதியதில்லை. நன்றாக இருக்கிறது என்று வேண்டாம். இந்த இடத்தில் கொஞ்சம் தவறு என்றாவது எழுதியிருக்கலாம்.

ஷெஃபீல்டில் இருக்கும் கிரிம்ஷாவும் என் படங்களை எடுத்துக்கொள்வான். அவன் கடிதம்கூடப் போடமாட்டான். எங்கள் பட்டியல் வெளியாகி ஆறு மாதத்தில் அவன் பட்டியல் வரும். அதே படம், அதே நிழல், பாதி விலை. படத்தோடு நின்றால் பரவாயில்லை. படத்தைப் பார்த்தே கருவியையும் செய்துவிடுவான். ஒருமுறை மருத்துவர் மாநாட்டுக் கண்காட்சியில் என் தோளில் கை போட்டு, பத்துப் பேர் கேட்க, "டக்வெல், உம்ம படம்னா படம்யா! எங்க பட்டறைப் பசங்க தொழில் கத்துக்கிட்டதே உம்மைப் பார்த்துத்தான். சம்பளம் வாங்காத வாத்தியாரு நீரு" என்றான். சுற்றி நின்ற மருத்துவர்கள் சிரித்தார்கள். என் முதலாளி ஸ்வேலும் சிரித்தார். பாதி விலை என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த மருத்துவர்கள் அவன் மேசைப் பக்கம் நகர்ந்தார்கள். நான் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வருவதில்லை. வந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் வரைய முடியாது.

வழக்கறிஞர் பென்போவிடம் போனோம். அவர் சொன்னது இதுதான்: "கருவியைக் கருவியாப் பார்த்துச் செஞ்சேன், ரெண்டு பேருதும் ஒரே மாதிரி இருக்கறதுக்கு நான் என்ன பண்றதும்பான் கிரிம்ஷா. உங்க படத்தைத் திருடினான்னு காட்டணும்னா, நீங்க மட்டுமே பண்ணக்கூடிய ஒரு தப்பு அவன்கிட்டயும் இருக்கணும் மிஸ்டர் டக்வெல்."

அதனால் ஒரு கத்தரிக்கோலின் கைப்பிடியில் ஒரு திருகாணியைச் சேர்த்து வரைந்தேன். அது எதையும் எதோடும் பிடிக்காத திருகாணி. உண்மையான கத்தரிக்கோலில் கிடையாது. கிரிம்ஷா அதைப் படத்தில் மட்டுமல்ல, இரும்பிலும் செய்து விற்றான். லீட்ஸிலிருந்து ஒரு மருத்துவர் அவனுக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார்: புதிய திருகாணியால் பிடிமானம் மிகவும் மேம்பட்டிருக்கிறதாம். அந்தக் கடிதத்தை அவன் தன் பட்டியலிலேயே அச்சடித்தான். பென்போ கையை விரித்தார். "இதை முன்னேற்றம்னு சொல்றான் சார். ஒரு டாக்டரே சாட்சி. புத்தி இருக்கற எவனும் செய்யமாட்டான்னு சொல்லக்கூடிய தப்பா இருக்கணும்."

புத்தி இருக்கிற எவனும் செய்யமாட்டாத தவறு. அந்தச் சொற்களை நான் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முந்நூற்றுப் பதினெட்டாம் படம் ஒரு மயக்க மருந்துப் புட்டி. மருத்துவர் அதைத் தன் சட்டைப் பொத்தானில் தொங்கவிட்டுக்கொள்வார். வாயிலும் தாடையிலும் கத்தி வைக்கும்போது முகமூடி இடைஞ்சல் என்பதால் இதுதான் வசதி. கண்ணாடிப் புட்டி, மூடியில் இரண்டு குழாய்கள். நீளக் குழாய் குளோரோஃபார்முக்குள் முங்கியிருக்கும். குட்டைக் குழாய் மருந்துக்கு மேலேயே நின்றுவிடும். நீளக் குழாயில் ரப்பர் பந்தை மாட்டி அமுக்கினால், காற்று மருந்துக்குள் குமிழியிட்டு, ஆவியை ஏந்திக்கொண்டு, குட்டைக் குழாய் வழியாக நோயாளியின் வாய்க்குப் போகும். அவர் தூங்கிவிடுவார். பந்தைக் குட்டைக் குழாயில் மாட்டிவிட்டால் காற்று மேலிருந்து மருந்தை அழுத்தும். மருந்து திரவமாகவே நீளக் குழாயில் ஏறி, நோயாளியின் தொண்டைக்குள் இறங்கும். இதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படிக்க வேண்டாம்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து மூன்றாம் வருஷப் பட்டியலில் இந்தப் படம் சரியாக இருக்கிறது. எண்பத்தாறாம் வருஷப் பட்டியலுக்கு மறுபடி வரைந்தபோது பந்தைக் குட்டைக் குழாயில் மாட்டினேன்.

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. எங்கள் புட்டியில் இரண்டு குழாய் வாய்களும் வேறு வேறு அளவு. மாற்றி மாட்டவே முடியாது. அது பெட்டிஃபர் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. கிரிம்ஷா சிக்கனக்காரன். அவன் இரண்டையும் ஒரே அளவில் செய்வான், எப்படி மாட்டுவது என்பதற்கு என் படத்தை அட்டையில் அச்சடித்துப் பெட்டிக்குள் போடுவான். அவன் அப்படிச் செய்வான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். அவன் புட்டி ஒன்று என் மேசை இழுப்பறையில் இரண்டு வருஷமாக இருந்தது.

முந்நூற்றுப் பதினெட்டின் அச்சுப் பிரதியை நிறுவனத்தில் ஐந்து பேர் சரிபார்த்தார்கள். ஸ்வேல் அதன்மேல் கையெழுத்துப் போட்டார். அவர் திருத்திய ஒரே இடம் ஒரு காற்புள்ளி.

பிறகு சர் லயனல் ஃபேர்பாங்க் தன் புத்தகத்தின் மூன்றாம் பதிப்புக்குக் கட்டைகள் கேட்டு எழுதினார். அரசகுடும்பத்தின் தொண்டையைப் பார்க்கிற மனிதர். நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் நான்தானா அவரைத் தடுக்க வேண்டும்? அனுப்பினேன். அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். இடது பக்கத்தில் பந்தை நீளக் குழாயில் மாட்ட வேண்டும் என்று அவரே தெளிவாக எழுதியிருக்கிறார். வலது பக்கத்தில் என் படம் குட்டைக் குழாயில் மாட்டிக் காட்டுகிறது. தன் புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்களை அவர் பார்க்கவில்லை. மருத்துவ வார இதழில் மதிப்புரை வந்தது: படங்கள் வழக்கம்போல் துல்லியமானவை.

வழக்கம்போல்.

எண்பத்தாறு இலையுதிர் காலத்தில் கிரிம்ஷாவின் பட்டியல் வந்தது. என் படம், என் தவறு, ஒரு கோடு பிசகாமல். அவன் பெட்டி ஒன்றை வேறு பெயரில் வாங்கிப் பார்த்தேன். உள்ளே அட்டை இருந்தது. புட்டியும் அட்டையில் உள்ளபடியே மாட்டி வைக்கப்பட்டிருந்தது.

டிசம்பரில் ஹல் துறைமுகத்தில் ஒரு பல் மருத்துவரிடம் அகஸ்டா டீல் என்ற பெண் இறந்தாள். பத்தொன்பது வயது. ஜனவரியில் டெர்பியில் ஒரு பள்ளி ஆசிரியர், பெயர் நாத்தனியேல் ஆர்க்கிள். இரண்டையும் வார இதழ் நான்கு நான்கு வரிகளில் போட்டது. மயக்க மருந்து கொடுக்கும்போது மரணம், இதயம் பலவீனம். இரண்டு மருத்துவர்களும் இதயத்தைத்தான் குறை சொன்னார்கள். தொண்டைக்குள் குளோரோஃபார்மை ஊற்றினால் உங்கள் இதயமும் பலவீனமாகத்தான் இருக்கும், இன்ஸ்பெக்டர். புட்டியை யாரும் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நான் அந்த வரிகளை வெட்டி ஒட்டி வைத்தேன். விசாரித்ததில் இரண்டு இடத்திலும் ஷெஃபீல்டுப் புட்டி. பிப்ரவரியில் எல்லாவற்றையும் பென்போவிடம் காட்டினேன். செத்தவர்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பட்டியல், பெட்டி, அட்டை இவை மட்டுமே. "போதும் சார், தாராளமாப் போதும். ஆளு மாட்டிக்கிட்டான்" என்றார்.

மார்ச் பதினோராம் தேதி எனக்கு ஒரு கடிதம் வந்தது. லிங்கன்ஷயரில் வின்தோர்ப் என்ற ஊர். எட்டுக் கட்டில் உள்ள சிறு மருத்துவமனை. ஹெஸ்டர் லம்லி என்ற தலைமை நர்ஸ் எழுதியிருந்தாள். கையெழுத்து கொஞ்சம் கோணல். விஷயம் கோணல் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்: புதிதாக ஒரு புட்டி வந்திருக்கிறது. பெட்டியில் உள்ள அட்டை, உங்கள் பட்டியல், சர் லயனலின் புத்தகம் மூன்றிலும் ஒரே படம். ஆனால் சர் லயனல் எழுதியிருப்பது படத்துக்கு நேர்மாறாக இருக்கிறது. நான் புட்டியில் தண்ணீர் ஊற்றிப் படத்தில் உள்ளபடி மாட்டி அமுக்கினேன். தண்ணீர் அப்படியே வெளியே பீய்ச்சியடித்தது. டாக்டர் கிராடக், மூன்று இடத்தில் அச்சான படம் தவறாக இருக்காது என்கிறார். படம் உங்களுடையது என்று கீழே பொடி எழுத்தில் பார்த்தேன். ஆகவே உங்களைக் கேட்கிறேன். எது சரி?

நான் பதில் எழுதினேன். படம் சரியே. தண்ணீரை வைத்துச் சோதிப்பது முறையல்ல. குளோரோஃபார்ம் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே குழாயில் ஏறாது. அதில் முதல் பாதி உண்மை. விவரம் தெரிந்த யாரும் அதை மறுக்க முடியாது.

ஏப்ரல் ஆறாம் தேதி ரூஃபஸ் கார்பட் என்ற கல்தச்சன் தாடையில் ஒரு கட்டியை எடுத்துக்கொள்ள வின்தோர்ப் மருத்துவமனைக்கு நடந்தே போனான். டாக்டர் கிராடக் கத்தி பிடித்தார். லம்லி என் பதிலின்படி புட்டியை மாட்டிக் கொடுத்தாள். நான்காவது அமுக்கலில் அது ஏறியது. உயிர் போக ஏழு நிமிஷம் என்று சொன்னார்கள்.

இந்த முறை இதயம் என்று சொல்ல முடியவில்லை. கார்பட் இருபது வருஷம் பாறை உடைத்தவன். அவனுக்கு இதயம் பலவீனம் என்றால் ஊரே சிரிக்கும். மரண விசாரணை நடந்தது. என் கடிதத்தை லம்லி கொண்டுபோய்க் கொடுத்திருந்ததால் நிறுவனத்தின் சார்பில் நான் போனேன். ஊர்ச் சாராயக் கடையின் மாடியில் பெஞ்சு போட்டு விசாரணை. கார்பட்டின் மனைவி முதல் வரிசையில் இருந்தாள். அதிகாரி கேட்டதற்கு, "நடந்துதான் போனாருங்க. ஒரு கட்டி, அவ்வளவுதான். சாயங்காலம் வாய் சரியாயிரும், ஆட்டுக்கறியை நல்லா வேக வையி, மெல்ல முடியாதுன்னாரு. அடுப்புல ஏத்தி வச்சிருந்தேன்" என்றாள். அதற்குமேல் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

டாக்டர் கிராடக் பரந்த நெற்றியும் சின்ன மூளையும் உள்ளவர். புட்டியை மாட்டியது நர்ஸ், தான் இல்லை என்று மூன்று தடவை சொன்னார். மூன்று இடத்தில் அச்சான படம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லம்லியைக் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். உயரம், எலும்பு தெரிகிற கை. "டாக்டர் படத்தை நம்பச் சொன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. அதனால லண்டனுக்கு எழுதினேன். லண்டன்காரங்க சரின்னு சொன்னாங்க. அப்புறம்தான் மாட்டினேன்" என்றாள். குரல் உடையவில்லை.

என் முறை வந்தது. நான் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன். என் கடிதம் எங்கள் புட்டியைப் பற்றியது, எங்கள் புட்டியை மாற்றி மாட்டவே முடியாது, இறந்தவருக்குப் பயன்பட்டது எங்கள் படத்தைத் திருடிச் செய்த ஷெஃபீல்டுப் போலி என்று சொல்லி, இரண்டு புட்டிகளையும் மேசைமேல் வைத்தேன். தீர்ப்புச் சொல்ல ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். விவசாயிகள், ஒரு ரொட்டிக் கடைக்காரன். எல்லோரும் புட்டிகளைப் பார்த்தார்கள். என் பட்டியலும் அதே மேசையில் இருந்தது. ஒருவனும் அதைத் திறக்கவில்லை. அதிகாரி ஆறு தடவை அதன்மேல் முழங்கையை ஊன்றினார்.

தீர்ப்பு: தற்செயல் மரணம். போலிக் கருவி செய்தவருக்குக் கண்டனம். ஒரு நிறுவனத்தின் அறிவுரையை இன்னொரு நிறுவனத்தின் கருவிக்கு யோசியாமல் பயன்படுத்திய நர்ஸுக்குக் கண்டனம். டாக்டருக்கு அனுதாபம்.

கிரிம்ஷாவின் புட்டிகள் நாடெங்கும் திருப்பி அனுப்பப்பட்டன. லம்லியை மருத்துவமனைக் குழு வேலையிலிருந்து நீக்கியது. ஸ்வேல் எனக்குக் கைகொடுத்து, "ஒரே கல்லுல ஆளைக் கவுத்திட்டீரேய்யா" என்றார். எந்தக் கல் என்று அவர் கேட்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் பகலில் லம்லி என் அறைக்கு வந்தாள். சொல்லிக்கொண்டு வரவில்லை. கையில் ஒரு துணிப்பை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து எங்கள் பட்டியல் இரண்டை எடுத்து என் மேசைமேல் விரித்தாள். எண்பத்து மூன்று. எண்பத்தாறு.

"இதுல பந்து நீளக் குழாய்ல இருக்கு. இதுல குட்டையில இருக்கு" என்றாள். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தேன். பந்து மட்டும்தான் மாறியிருக்கு. மத்த ஒரு கோடுகூட மாறலை."

அவள் சொன்னது சரி. ஒரு கோடுகூட மாறவில்லை. அதற்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது.

"அச்சுப் பிழை சில சமயம் வந்துடும், சிஸ்டர்" என்றேன்.

"அச்சுல வரும் சார். கையெழுத்துல எப்படி வரும்?" என்று என் கடிதத்தை எடுத்து வைத்தாள். "கனமா இருக்கு, ஏறாதுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க இந்தப் படத்தை வரைஞ்ச ஆளு. உங்களுக்குத் தெரியாமயா எழுதினீங்க?"

நான் என் கையெழுத்தைப் பார்த்தேன்.

"நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஒரு வரி போதும். ஒரே ஒரு வரி. நான் பாட்டுக்கு மாத்தி மாட்டியிருப்பேன், அந்த மனுஷன் வீட்டுக்குப் போயி கறி தின்னிருப்பாரு." கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "நீங்க ஏன் செஞ்சீங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நான் போலீஸுக்குப் போறேன். உங்ககிட்ட சொல்லாம போறது முறையில்லைன்னு வந்தேன்."

அவளே பட்டியல்களை மூடி, மடிப்பு விழாமல் பையில் வைத்தாள். எங்கள் பட்டியலை அவ்வளவு பதவிசாக யாரும் கையாண்டு நான் பார்த்ததில்லை.

அவள் போனதும், பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த ஸ்வேல் ஓடிவந்தார். வரைபடங்களை எரித்துவிடச் சொன்னார். மறுத்துவிட்டேன். நான் வரைந்த மூலத்தாள் இதோ இருக்கிறது. தேதி போட்டு, ஓரத்தில் 'கண்ணி' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். இது ஹெஸ்கெத்தின் பிழையுமில்லை, அச்சகத்தின் பிழையுமில்லை. என் பட்டியலில் பிழை கிடையாது. இப்போது இரண்டு மணி நேரமாக அது உங்கள் முன்னால் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். நீங்களும் இன்னும் திறக்கவில்லை.

நீங்கள் கேட்கிறபடியே சொல்லிவிடுகிறேன். படத்தைத் தெரிந்தே மாற்றினேன். அதனால் ஆள் சாகலாம் என்பது வரையும்போதே தெரியும். இரண்டு பேர் செத்த பிறகும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஆளைக் காப்பாற்றும்படி ஒருத்தி என்னிடமே எழுதிக் கேட்டாள். அவளுக்குப் பொய் எழுதினேன். அவளைக் கூண்டில் நிற்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அகஸ்டா டீல், நாத்தனியேல் ஆர்க்கிள், ரூஃபஸ் கார்பட். மூன்று பேரையும் கொன்றது நான்.

கிரிம்ஷாவைப் பிடிக்கத்தானே என்றீர்கள். ஆமாம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் லம்லியின் கடிதம் வந்தது மார்ச்சில். பென்போ போதும் என்று சொன்னது பிப்ரவரியில். தேதிகளைப் பொருத்திப் பார்த்தால் நீங்களே கேட்பீர்கள் என்பதால் நானே சொல்கிறேன். அந்தக் கடிதத்தை அன்று மூன்று தடவை படித்தேன். முதலில் உண்மையைத்தான் எழுதினேன்: படம் தவறு, நீங்கள் சொல்வதே சரி. உறையில் போட்டு முகவரிகூட எழுதிவிட்டேன். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பேராசிரியர்கள், மருத்துவர்கள், இருபத்திரண்டு வருஷம். ஒருவரும் பார்க்கவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. இந்த உறையைத் தபாலில் போட்டால், ஒருத்தி பார்த்துவிட்டாள் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸ் பார்த்துவிட்டாள் என்பதால் அது பொய்யாகிவிடாது. நீங்கள் வாக்குமூலத்தில் இப்படியே எழுதலாம்: அந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை.